ஒரே பின்னேரத்தில் ஐந்து விழாக்கள்

கடதாசி விஷயத்தில் குற்றவாளிகள் பயப்படுவதில்லை. அவர்களிடம் எல்லாம் ஒழுங்காக, முத்திரை குத்தி, உறைக்குள் போட்டு இருக்கும். நடுங்குகிறவர்கள் ஒரு பிழையும் செய்யாத ஆட்கள்தான். அவர்களிடம்தான் எப்போதும் ஒரு துண்டு குறையும். முப்பத்திரண்டு வயதுவரை நான் இந்த இரண்டாவது இனத்தில்தான் இருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில், இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், முதலாவது இனத்துக்கு மாற முயன்றேன். அதற்கான தகுதியும் எனக்கு இல்லை என்பது இரண்டு கிழமை கழித்துத் தெரியவந்தது.

எனக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளிவிபரவியல் மேற்படிப்புக்கு இடமும் புலமைப்பரிசிலும் கிடைத்திருந்தன. நாட்டின் பெயர் வேண்டாம். (குளிரான நாடு. நாகரிகமான மனிதர்கள். இந்தக் கதையை மறந்திருப்பார்கள். நான் ஏன் நினைவுபடுத்துவான்?) படிப்பு இரண்டு வருடம். மாணவர் ஒருவர் தன் மனைவியையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அவர்கள் அனுப்பிய விதிப்புத்தகத்தில் இருந்தது. வாசித்ததும் அந்த நாட்டின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பும்வரை அது நீடித்தது.

அடுத்த பக்கம் முழுக்கப் பிள்ளையைப் பற்றியது. பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும். தாயும் தகப்பனும் சேர்ந்து போகாவிட்டால், போகாதவர் சம்மதக் கடிதம் தரவேண்டும். பிள்ளை எங்கே படுக்கும் என்பதற்கு அங்கிருந்து ஒரு கடிதம். நெஞ்சில் சளி இல்லை என்பதற்கு இங்கிருந்து ஒரு கடிதம். எல்லாவற்றையும் சேர்த்தேன். எங்கள் மகள் ஆரபி அப்போது ஐந்தே முக்கால் வயது. அவளுடைய நிறையைவிடக் கோப்பின் நிறை அரைக் கிலோதான் குறைவு.

சிக்கல் பிறப்புச் சான்றிதழில் வந்தது. அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்த மாதத்தில் சண்டையில் எங்கள் பகுதிப் பதிவாளர் கந்தோரே இடம்பெயர்ந்துவிட்டது. பதிவாளர் ஒரு பக்கம், பதிவேடு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கப் பதினாறு மாதம் பிடித்தது. ஆகவே சான்றிதழில் "காலங்கடந்த பதிவு" என்று இருந்தது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு இது விளங்கவில்லை. அவர்களுடைய நாட்டில் கந்தோர்கள் ஓடுவதில்லை. கடிதம் போட்டார்கள்: பிறப்பு காலங்கடந்து பதியப்பட்டிருப்பதால், பிள்ளை விண்ணப்பதாரருடன் ஒரே குடும்பமாக வாழ்ந்து வருகிறது என்பதற்கு மேலதிக ஆதாரம் தேவை, உதாரணமாகக் குடும்பப் புகைப்படங்கள், பிள்ளையுடன் நேர்முகத்துக்கு வரவும்.

கடிதத்தைச் சுகந்தியிடம் கொடுத்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"விடேல்லை எண்டால் நீங்கள் மட்டும் போங்கோ."

"நீரும் பிள்ளையும்?"

"பிள்ளையை விட்டிட்டு நான் வரேலாது. நீங்கள் இல்லாமல் நாங்கள் இருப்பம். முந்தியும் இருந்தனாங்கள்தானே."

முந்தி இருந்தது உண்மை. கொழும்பில் வேலை கிடைத்து நான் முதலில் வந்துவிட்டேன். பின்னால் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பதினொரு மாதம். கடைசியில் கப்பலேறி வந்து இறங்கிய என் மகள் என்னைப் பார்த்து, மிக மரியாதையாக, "மாமா" என்றாள். இரண்டு கிழமை நான் என் வீட்டில் மாமாவாக இருந்தேன். மூன்று வருடம் கழிந்தும் அந்த இரண்டு கிழமை எனக்கு மறக்கவில்லை. இன்னொரு தரம், அதுவும் இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒரு விமான நிலையத்தில் மாமாவாக நிற்க எனக்கு விருப்பமில்லை. பிறகு நான் செய்தவற்றுக்கு நியாயம் ஏதும் உண்டென்றால் இது ஒன்றுதான்.

படங்கள் இல்லாமல் இல்லை. அவளுடைய முதலாம் பிறந்தநாளை மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தோம். அல்பம் ஊரில் கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டிக்குள் இருந்தது. கட்டிலும் இப்போது இல்லை, கட்டிலுக்கு மேலே இருந்த கூரையும் இல்லை. கொழும்புக்கு வந்தபின் நாங்கள் படமே எடுக்கவில்லை. (கமராவோடு தெருவில் போகிற தமிழன் எதைப் படமெடுக்கிறான் என்று நின்று விளக்கம் சொல்லவேண்டிய காலம் அது.)

எங்கள் மேல்மாடியில் சிவஞானம் அண்ணை இருந்தார். இளைப்பாறிய தபாலதிபர். பன்னிரண்டு நாடுகளின் விசா விதிகள் அவருக்கு மனப்பாடம். அவர் தெற்கே அடுத்த ஊரான தெஹிவளைக்கு அப்பால் போனதில்லை என்பதை நான் அந்த நேரத்தில் யோசித்திருக்கவேண்டும்.

"தம்பி, படம் துலைஞ்சுபோச்சு எண்டு சொன்னால் வெள்ளைக்காரன் நம்பான். அவன்ர நாட்டிலை படம் துலையிறேல்லை."

"அப்ப என்ன அண்ணை செய்யிறது?"

"எல்லாம் நடந்ததுதானே? பிறந்தநாள் நடந்தது. ஏடு தொடக்கினது. பொங்கினது. நடந்ததைத் திருப்பி நடத்தும். அது பொய்யில்லை. மறுஒளிபரப்பு."

"மறுஒளிபரப்பு" என்ற சொல் என்னை வீழ்த்திவிட்டது. படித்த மனிதனை ஏமாற்றப் பொய் தேவையில்லை, ஒரு நல்ல சொல் போதும்.

சனிக்கிழமை மருதானையிலிருந்து தாஸ் வந்தார். மலையகத்துக்காரர், ஒரு ஸ்டூடியோவில் வேலை, கலியாண வீடுகளில் பெயர் பெற்றவர். முப்பத்தாறு படம் எடுக்கக்கூடிய ஒரு ரோல் கொண்டுவந்தார். நிகழ்ச்சி நிரலைச் சிவஞானம் அண்ணை தயாரித்திருந்தார்: முதலாம் பிறந்தநாள், முதல் எழுத்து எழுதுவிக்கும் ஏடு தொடக்கல், தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூடத்து முதல்நாள். சுகந்தி ஐந்து சேலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, "எனக்கு இது சரியாப் படேல்லை" என்று சொன்னாள். சொல்லிவிட்டு முதலாவதைக் கட்டினாள். (மூன்றாவது சேலையில் பேச்சை நிறுத்தினாள். ஐந்தாவதில் என்னைப் பார்ப்பதையும் நிறுத்தினாள்.)

முதலாம் பிறந்தநாளுக்கு ஒரு வயதுப் பிள்ளை தேவை. எங்கள் பிள்ளைக்கோ முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிவஞானம் அண்ணை இதற்கும் வழி வைத்திருந்தார். கீழ்வீட்டில் தவம் என்றொருவர், வங்கி எழுதுவினைஞர், மனைவியோடு இருந்தார். அவர்களுடைய மகன் குகனுக்குப் பதின்மூன்று மாதம். உருண்டையான, சுருள்முடிப் பிள்ளை. "சின்னனிலை எல்லாப் பிள்ளையளும் ஒரே மாதிரித்தானே" என்றார் அண்ணை. தவம் யோசித்தார். "அரை மணித்தியாலம்தானே? பால் குடிக்கிற நேரத்துக்குத் தந்திடுங்கோ" என்று பிள்ளையைக் கையில் தந்தார். அவனுக்கு ஆரபியின் பழைய இளஞ்சிவப்புச் சட்டையைப் போட்டோம். வயிற்றில் இறுகியது, பின்பக்கம் ஊசி குத்திவிட்டோம்.

தாஸ் கமராவைச் சரிபார்த்தார். "பொறந்தநாள் யாருக்குங்க சார்?"

"இவளுக்கு" என்று ஆரபியைக் காட்டினேன்.

"அப்ப இந்தக் கொழந்த?"

"அதுவும் இவள்தான்."

தாஸ் என்னைப் பார்த்தார், குகனைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். கலியாண வீடுகள் அவரைப் பண்படுத்தியிருந்தன.

ஆரபியைப் பண்படுத்த ஒருவரும் இருக்கவில்லை.

"அப்பா, ஏன் நான் கேக்குக்குக் கிட்ட நிக்கக் கூடாது?"

"குஞ்சு, இது உங்கட முதலாம் பிறந்தநாள். அந்தப் பிள்ளைதான் நீங்கள்."

"அது குகன்."

"இண்டைக்கு அது நீங்கள்."

"அப்ப நான் ஆர்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு முனிவர்கள் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் அவளை மேசைக்கு அந்தப்பக்கம் போகச் சொன்னேன். தாஸ் "சிரிங்க" என்றார். நான் சிரித்தேன், சுகந்தி சிரிப்பது மாதிரி ஒன்று செய்தாள், குகன் வீரிட்டான், ஃபிளாஷ் அடித்தது. அதே கணத்தில் சட்டை நனைந்தது. என் சேட்டும் நனைந்தது.

மற்ற நான்கு விழாக்களும் விறுவிறு என்று நடந்தன. தீபாவளிக்கு வெடி கொளுத்தவேண்டும் என்று அண்ணை நின்றார். அதை மட்டும் நான் மறுத்துவிட்டேன். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் வெடி கொளுத்தினால் வாழ்த்துச் சொல்லச் சீருடையில் வருவார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரு மத்தாப்பு கொளுத்தினோம். வீடு முழுக்கப் புகை. அந்தப் புகையோடேயே பொங்கலும் பொங்கினோம். அடுப்புப் புகைபோல இயல்பாக இருந்தது என்று தாஸ் பாராட்டினார். நாலேமுக்காலுக்கு ஆரபி ஐந்து வயதை எட்டிப் பள்ளிக்கூடம் போனாள். குகன் பாலுக்கு அரை மணி பிந்தி வீடு சேர்ந்தான்.

கழுவி வந்தபோது விழாவுக்கு ஒன்றாக ஐந்து படம்தான் தேறியது; ஐந்தும் பளபள என்று இருந்தன. ஐந்து வருடப் பழைய படம் பளபளக்கக் கூடாது. இது என் சொந்த மூளை. சிவஞானம் அண்ணைமேல் பழி போடமாட்டேன். பிறந்தநாள் படத்தைப் பால் விடாத பிளேன்டீயில் நனைத்து மெத்தைக்குக் கீழே காயவைத்தேன். அருமையான மங்கல் நிறம் வந்தது. பிளேன்டீயில் சீனி போட்டிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. எறும்புகள் கவனித்தன.

நேர்முகத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இளம் இராணுவ வீரன் ஒருவன் என் உறையைத் திறந்தான். பிறந்தநாள் படத்தை எடுத்து, ஓர் எறும்பைத் தட்டிவிட்டு, "லஸ்ஸன துவ" என்றான். அழகான மகள் என்று பொருள். அவன் அன்று எனக்குத் தந்த தைரியத்தை ஒரு சட்டத்தரணியும் தந்திருக்கமுடியாது.

நேர்முக அதிகாரி நரைத்த தலைமுடியைக் கொண்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நிதானமான முகம். பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய தமிழர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர். அதிகாரி ஐந்து படங்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். முதல் படத்தின் மூலையிலிருந்து ஓர் எறும்பு புறப்பட்டுப் பொங்கல்வரை நடந்தது. அவர் எறும்பைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இவை எந்த எந்த வருடங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மனப்பாடம் செய்திருந்ததை ஒப்புவித்தேன்.

அவர் பேனா முனையால் ஏடு தொடக்கலைத் தொட்டார், தீபாவளியைத் தொட்டார், பொங்கலைத் தொட்டார். "மூன்று வருடமாக உங்கள் மகளுக்கு முன்பல் முளைக்கவில்லையா?"

"எங்கள் குடும்பத்தில் கொஞ்சம் தாமதம்" என்றேன். (பிறப்புப் பதிவைப் போலவா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொன்னேனே, நாகரிகமானவர்கள்.) நிகழ்தகவு படிக்கப் போகிற ஒருவன் இந்த மூன்று படங்களையும் ஒரே உறைக்குள் போட்டான் என்பதை நினைத்தால் இப்போதும் என் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

அதிகாரி பிறந்தநாள் படத்தை ஆரபியிடம் நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் குனிந்து கேட்டார். "மகள், இந்தப் படத்தில இருக்கிற பேபி யாரு?"

"குகன்."

"குகன் யாரு?"

"கீழ்வீட்டுத் தம்பி. அவன் என்ர சட்டையைப் போட்டுக்கொண்டு ஒண்டுக்கும் போயிட்டான்."

மொழிபெயர்ப்பாளர் மனச்சாட்சி உள்ளவர். ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு சின்னக் கை வளையலோடு எழுந்து கேக்கை நோக்கி நீண்டிருந்தது. அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கையை அன்றுதான் கண்டேன்.

"இந்தக் கை?"

"என்ர கை. கேக்கைத் தொடக் கூடாது எண்டு சொன்னவை. நான் ஐசிங்கை மட்டும் தொட்டனான்."

மொழிபெயர்ப்பாளர் என்னைக் காட்டி, மெதுவாக, "சரி மகள். இவர் உங்கட அப்பாவா?" என்று கேட்டார்.

ஆரபி என்னைப் பார்த்தாள். பிறகு மிகவும் அக்கறையாகக் கேட்டாள்:

"உண்மையாவோ, படத்துக்கோ?"

மொழிபெயர்ப்பாளர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு அதையும் மொழிபெயர்த்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். உண்மைக்குத்தான் என்று பிள்ளையிடம் சொல்லச் சொன்னார்.

"உண்மைக்கும் அப்பாதான். படத்திலையும் அப்பாதான். என்னை மட்டும்தான் மாத்தினவை."

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். றங்குப்பெட்டி, மறுஒளிபரப்பு, பிளேன்டீ, ஒன்றையும் விடவில்லை. கேட்காததையும் சொன்னேன். ஆங்கிலத்தில் உண்மை பேசுவது பொய் பேசுவதைவிடக் கடினம் என்று அன்று அறிந்தேன். ஒத்திகை பார்க்காததால் இலக்கணம் எல்லாம் கையை விட்டுப் போய்விட்டது. போலி ஆதாரம் தந்ததற்காக உங்கள் எல்லோருடைய விண்ணப்பத்தையும் இப்போதே நிராகரிக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது என்று அவர் அமைதியாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் சுகந்தியின் கை ஆரபியின் தோளைப் பிடித்திருந்தது.

அதிகாரி படத்தை எடுத்து மறுபடி அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். பிறகு, "எனக்காகத் தயாரிக்காத ஆதாரம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் காலி உறைக்குள் மறுபடி கையை விட்டேன். சுகந்திதான் கைப்பையைத் திறந்தாள்.

அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த எங்களைப் போன்றவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதியவேண்டும். படிவத்தின் பிரதி கைப்பையில் இல்லாமல் சுகந்தி தெருமுனைக் கடைக்கும் போகமாட்டாள். பழையவற்றையும் எறியமாட்டாள், எந்தப் பழையதை எப்போது கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான்காய் மடித்து, ஓரம் நைந்து, சாவிக்கொத்தும் பனடோல் மாத்திரையும் பட்டுப் பட்டு அழுக்கேறிய ஆறு படிவங்களை அவள் மேசையில் வைத்தாள். மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தார். குடும்பத் தலைவர், மனைவி, மகள். மகளின் வயது மூன்று. குடும்பத் தலைவர், மனைவி, மகள்; வயது நான்கு. குடும்பத் தலைவர், மனைவி, மகள், வயது ஐந்து. ஒவ்வொன்றிலும் கையொப்பம், முத்திரை.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் வாழ்கிறோம் என்பதை எங்களைவிடக் கவனமாக அரசாங்கம் எழுதிவைத்திருந்தது. வரிசையில் நின்று சபித்துச் சபித்து வாங்கிய முத்திரைகள். இதைப் போய் ஓர் ஆதாரமாக நான் எண்ணியே பார்க்கவில்லை. அதைச் சுகந்தியிடம் கேட்டுமிருக்கவில்லை.

"இதை ஏன் முதலிலேயே தரவில்லை?" என்று அதிகாரி கேட்டார்.

சுகந்தி முதல்முறையாக ஆங்கிலத்தில் வாய் திறந்தாள். "அவர் என்னைக் கேட்கவில்லை, மேடம்."

அவர் நிராகரிக்கவில்லை, ஆனால் தண்டனையில்லாமல் விடவுமில்லை. எனக்கு விசா வந்தது. சுகந்தியினதும் ஆரபியினதும் விண்ணப்பங்களைப் புதிதாகப் பார்க்கவேண்டும் என்றார்கள். படிவங்களைச் சரிபார்க்கவேண்டும் என்றார்கள். அதோடு பிறந்தநாள் படத்தை விளக்கி ஒரு சத்தியக்கடதாசியும் கேட்டார்கள். நானும் தவமும் குகனைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு சமாதான நீதவானிடம் போனோம். படத்தில் இளஞ்சிவப்புச் சட்டையில் இருப்பது என் மகள் அல்ல, அது மகளே அல்ல என்று நான் சத்தியம் செய்தேன். அது தன் மகன்தான் என்று தவம் சத்தியம் செய்தார். முதிய நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பிமார், பிள்ளை என்ர இல்லை எண்டு சத்தியம் பண்ண எத்தினையோ பேர் இஞ்சை வந்திருக்கினம். பிள்ளையின்ர தேப்பனோடை சேர்ந்து, ஒரே பஸ்ஸிலை, ஐஸ்பழம் குடிச்சுக்கொண்டு வந்தது நீங்கள்தான்."

நான் தனியாக விமானம் ஏறினேன். நான்கரை மாதம் குளிர் நாட்டில் ஒரு அறையில் இருந்து, பிள்ளை எங்கே படுக்கும் என்று கடிதத்தில் காட்டிய கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர்களுக்கும் விசா வந்தது. விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆரபி என்னைக் கைகாட்டித் தாயிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. மாமா, என்று நினைத்தேன். கதவு திறந்தது.

"அம்மா, அப்பா ஏன் தாடி வளத்திருக்கிறார்?"

நான் அன்றிரவே சவரம் செய்தேன்.

தூதரகம் படங்கள் ஐந்தையும் பின்பக்கம் கோப்பு இலக்கம் எழுதித் திருப்பி அனுப்பியது. ஊரில் போனது போனதுதான். ஆகவே என் மகளின் ஆறு வயதுக்கு முந்திய படங்கள் என்று இந்த உலகத்தில் இருப்பவை அந்த ஐந்தும்தான். அவற்றை அவள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். தன் முதலாம் பிறந்தநாள் தனக்கு நல்ல ஞாபகம் என்று யாரிடமும் சொல்லுவாள். கேக் ருசியாக இருந்ததாம்.

போன வருடம் அவளுக்குக் கலியாணம். படிப்பு முடிந்தும் நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம்; தவத்தின் குடும்பமும் பின்னாளில் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தது. வரவேற்பில் குகன் வந்து நின்றான்: ஆறடி உயரம், மார்புவரை தாடி, குரல் இடி மாதிரி. ஆரபி கூறைச்சேலையோடு மேடையிலிருந்து இறங்கி, மாப்பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தினாள்.

"இவர்தான் சின்னனிலை நான்" என்றாள்.

மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். குகன் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தான்.

"அக்கா, அந்தச் சட்டையை நனைச்சதுக்கு இப்பவும் ஸொறி."